பல்லைப் பார்க்காமல் மாடு வாங்கலாமா?

மணப்பாறைச் சந்தைக்கு ஒரு விவசாயி போகிறார். மாடு வாங்க வேண்டும்.

என்ன செய்கிறார்?

மாட்டின் வாயைத் திறக்கிறார். பல்லை எண்ணுகிறார். சுழி பார்க்கிறார். நாலு அடி நடக்க விட்டுப் பார்க்கிறார். அதன் பிறகுதான் தரகரின் துண்டுக்குள் கையை விடுகிறார். விரலைப் பிடித்து விலை பேசுகிறார்.

அதே விவசாயி பழைய ஜீப்பு வாங்க நினைக்கிறார்.

என்ன செய்கிறார்?

செல்போனில் நாலு படம் பார்க்கிறார். டில்லிக்குப் பணம் அனுப்புகிறார்!

மாட்டுக்கு இருந்த உஷார், அதைவிடப் பல மடங்கு விலையுள்ள மோட்டாருக்கு ஏன் இல்லை?

மலைக்கு ஏற்ற வண்டி

ஜீப்பு பணக்காரர் வீட்டு விளையாட்டுப் பொருள் அல்ல. மலையில் பிழைப்பவருக்கு அது கையும் காலும் ஆகும்.

தேனி மாவட்டத்துப் போடியில் இருந்தும், கம்பத்தில் இருந்தும் கேரளத்து இடுக்கி மலைக்கு ஜீப்புகள் ஏறுகின்றன. ஏலத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிச் செல்கின்றன. தார்ச் சாலை ஓர் இடத்தில் முடிந்துவிடும். அதற்கு மேல் கல்லும் சேறும்தான்.

சாதாரண மோட்டாரில் எஞ்சினின் பலம் இரண்டு சக்கரங்களுக்குத்தான் போகும். மற்ற இரண்டும் சும்மா உருளும். சேற்றில் அந்த இரண்டு சக்கரம் வழுக்கினால், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

'ஃபோர் வீல்' ஜீப்பு அப்படி அல்ல. பழைய ஜீப்பில் கியர் ராடுக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன ராடு இருக்கும். அதைப் போட்டால் முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். 'லோ' என்ற நிலைக்குத் தள்ளினால் வேகம் குறையும். இழுக்கும் பலம் கூடும். மேடு பள்ளத்தில் நத்தை போல ஏறி இறங்கலாம்.

இரண்டாம் உலகப் போரில், 1941-ம் ஆண்டில் இருந்து அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்த வண்டி இது. 1940-களின் கடைசியில் மகிந்திரா கம்பெனி இந்தியாவிலேயே ஜீப்பு பூட்டத் தொடங்கியது. மாருதி கம்பெனியின் 'ஜிப்சி' 1985-ல் வந்தது.

இன்று புதிதாக ஒரு ஃபோர் வீல் வண்டி வாங்க 10 லட்சம் ரூபாய் போதாது. அவ்வளவு பணத்துக்கு ஏழை விவசாயி எங்கே போவார்? பழைய வண்டியைத்தான் தேடுவார். பக்கத்து ஊரில் கிடைக்காவிட்டால், எட்டாத ஊரிலும் தேடுவார்.

அதில் தவறு இல்லை.

டில்லியில் ஏன் மலிவு?

டில்லியில் விலை குறைவு என்பது உண்மைதான். அதற்குக் காரணமும் உண்டு.

டில்லிக் காற்று கெட்டுப் போயிற்று. அதனால் 10 ஆண்டுக்கு மேலான டீசல் வண்டிகள் டில்லி வட்டாரத்தில் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் கட்டளை போட்டது. டீசலுக்கு 10 ஆண்டு, பெட்ரோலுக்கு 15 ஆண்டு என்று உச்ச நீதிமன்றமும் 2018-ல் சொன்னது. 2025-ல் இந்தக் கட்டு ஓரளவு தளர்ந்தது.

இதற்கிடையில் பல வண்டிகள் வெளி மாநிலங்களுக்கு விலை போயின. அவற்றில் நல்ல வண்டிகளும் இருந்தன. ஆகவே, "மலிவாகக் கிடைப்பதெல்லாம் ஓட்டை வண்டி" என்று சொல்லக்கூடாது.

ஆனால், இதே கதையைத்தான் ஏமாற்றுக்காரனும் சொல்லுகிறான்! "இங்கே ஓட்டக்கூடாது. அதனால்தான் பாதி விலைக்குத் தருகிறேன். உடனே பணம் அனுப்பு. இல்லையென்றால் வேறு ஆளுக்குப் போய்விடும்" என்கிறான்.

உண்மைக்கும் பொய்க்கும் ஒரே சட்டை. எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்ணால் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும். வேறு வழி இல்லை.

ராணுவ வீரர் வேடம்!

மோசடியில் ஒரு வகை இந்தியா முழுவதும் நடந்திருக்கிறது.

"நான் ராணுவத்தில் இருக்கிறேன். வேறு ஊருக்கு மாற்றல் ஆகிவிட்டது. வண்டியை விற்றுவிட்டுப் போக வேண்டும்" என்று ஒருவன் பேசுவான். சீருடை அணிந்த படத்தை அனுப்புவான். அடையாள அட்டையையும் அனுப்புவான். "வண்டி ராணுவ லாரியிலேயே உங்கள் வீட்டு வாசலுக்கு வரும். லாரிச் செலவை மட்டும் முதலில் அனுப்புங்கள்" என்பான்.

ராணுவ வீரர் என்றால் மக்களுக்கு மதிப்பு. அந்த மதிப்பைத்தான் அவன் திருடுகிறான். படம் வேறு யாருடையதோ! அட்டையும் வேறு யாருடையதோ! வண்டியே இல்லை!

முதலில் லாரிச் செலவு. பிறகு வரி. பிறகு இன்சூரன்ஸ். கொடுத்த பணத்தை விட மனம் வராமல் மேலும் மேலும் பணம் அனுப்பி ஏமாந்தவர்கள் உண்டு.

இப்படிப் பணம் போய்விட்டால், வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் இருக்கக்கூடாது. உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். அது சைபர் குற்றங்களுக்கு என்று உள்ள எண். எவ்வளவு சீக்கிரம் சொல்லுகிறார்களோ, அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வழி உண்டு.

மனைவி கேட்ட கேள்வி

இப்படி ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள்.

போடிக்குப் பக்கத்தில் ஒரு விவசாயி. மலையில் சிறு தோட்டம். ஊரில் 4 லட்சம் ரூபாய் சொல்லும் ஜீப்பு, டில்லியில் 2 லட்சத்து 40 ஆயிரத்துக்குக் கிடைக்கிறது. படத்தில் பளபள என்று இருக்கிறது. மனைவியின் நகையை அடகு வைத்துப் பணம் அனுப்பப் புறப்பட்டார்.

மனைவி வாசலில் நின்றாள்.

"ஏங்க! ஒரு புடவை எடுக்கவே நாலு கடை ஏறி இறங்குறோம். இவ்வளவு பணத்தை முகம் தெரியாத ஆளுக்கு அனுப்பலாமா? எங்க அண்ணன் பட்டறை வச்சிருக்காரே, அவரைக் கூட்டிக்கிட்டு நேரில் போய்ப் பாருங்க" என்றாள்.

"போக வர ரயில் செலவு தண்டம்தானே?" என்றார், கணவர்.

"இந்தத் தண்டம் போனால் போகட்டும். நகை போனால் வருமா?" என்றாள்.

மச்சானும் மாப்பிள்ளையும் மதுரையில் திருக்குறள் எக்ஸ்பிரஸ் ஏறினார்கள். டில்லி போய்ச் சேர்ந்தார்கள்.

வண்டி இருந்தது. விற்கிறவரும் இருந்தார். பெயிண்டு கண்ணைப் பறித்தது. சின்ன ராடும் இருந்தது. மச்சான் ஒரு கோணிச் சாக்கைத் தரையில் விரித்தார். வண்டிக்கு அடியில் படுத்தார்.

அடியில் இருந்தே சிரித்தார்.

"மாப்பிள்ளை! ராடு இருக்கு. ஆனால், அது இழுக்கிறதுக்கு ஒண்ணும் இல்லை!"

எஞ்சினின் பலத்தை முன் சக்கரங்களுக்குக் கொண்டு போகும் நீண்ட இரும்புத் தண்டுக்கு ஷாஃப்ட் என்று பெயர். அந்த முன் ஷாஃப்டையே காணோம்! யாரோ, எப்போதோ கழற்றிவிட்டார்கள். பெயர்தான் ஃபோர் வீல். இழுப்பது இரண்டு சக்கரம்!

நாலு படத்தில் இது தெரியுமா? நாற்பது படத்திலும் தெரியாது. ஏன் என்றால், விற்கிறவர் எதைக் காட்ட விரும்புகிறாரோ, அதைத்தான் படம் காட்டும்.

எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் வண்டி நம்பரைக் கேளுங்கள். மத்திய அரசின் 'பரிவாகன்' பக்கத்தில் அதைப் போட்டுப் பார்க்கலாம். எந்த ஆண்டு வண்டி, கடன் பாக்கி உண்டா, இன்சூரன்ஸ் இருக்கிறதா என்பது தெரியும். நம்பர் கொடுக்கத் தயங்குகிறவரிடம் பேச்சை அத்தோடு முடித்துவிடுங்கள்.

அடுத்தது, சேஸிஸ் நம்பர். அது வண்டியின் இரும்புச் சட்டத்தில் அடித்திருக்கும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள நம்பரும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துப் பாருங்கள். சுரண்டிய அடையாளம் இருந்தால் தொடவே தொடாதீர்கள்.

பிறகு எஞ்சின். காலையில், குளிர்ந்திருக்கும்போது போய் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். போனவுடன் பானெட்டைத் தொடுங்கள். சூடாக இருந்தால், முன்பே ஓட்டி வைத்திருக்கிறார் என்று பொருள். நீலப் புகை வந்துகொண்டே இருந்தால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது.

சீட் பெல்ட் உள்ள வண்டியாக இருந்தால், பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சேற்றுக் கறை இருந்தால் அது வெள்ளத்தில் மூழ்கிய வண்டியாக இருக்கலாம். 2015-ம் ஆண்டுச் சென்னை வெள்ளத்தில் எத்தனை மோட்டார்கள் மூழ்கின! வெள்ளம் வடிந்துவிடும். துரு வடியாது.

ஃபோர் வீலை மண் தரையில் சோதியுங்கள். சில ஜீப்புகளில் முன் சக்கரத்தின் நடுவில் ஒரு பூட்டு இருக்கும். அதைக் கையால் திருப்பிய பிறகே முன் சக்கரம் இழுக்கும். ஒருவர் ஓட்டட்டும், ஒருவர் வெளியே நின்று பார்க்கட்டும். முன் சக்கரமும் மண்ணைத் தள்ளினால்தான் அது ஃபோர் வீல்.

பெரிய டயர், வெட்டி ஒட்டிய பாடி என்று அலங்காரம் செய்த ஜீப்பைப் பார்த்து மயங்காதீர்கள். கம்பெனி செய்த அமைப்பை இஷ்டம் போல் மாற்றிய வண்டியைப் பதிவு செய்யக் கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. ஓட்டும்போது பிள்ளைகளுக்குச் சந்தோஷமாக இருக்கும். போலீசார் நிறுத்தும்போது தகப்பனுக்குத்தான் தலைவலி!

காகிதம் இல்லாத வண்டி

வண்டி நன்றாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது. காகிதமும் சரியாக இருக்க வேண்டும்.

வெளி மாநிலத்து வண்டி என்றால் அங்குள்ள ஆர்.டி.ஓ. ஆபீசில் 'ஆட்சேபணை இல்லை' என்ற சான்று வாங்க வேண்டும். இதற்கு 28-ம் நம்பர் பாரம். பெயர் மாற்றத்துக்கு 29, 30-ம் நம்பர் பாரங்கள். கடன் தீர்ந்தது என்பதற்கு 35-ம் நம்பர் பாரமும், கடன் கொடுத்தவர் தரும் கடிதமும் வேண்டும்.

இந்தச் சான்று கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கொடுக்கக்கூடாது. ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ, அவருடைய பாங்குக் கணக்குக்கே பணம் போக வேண்டும். "என் தம்பி கணக்குக்குப் போடுங்கள்" என்றால் கூடாது!

தமிழ்நாட்டுக்கு வந்த பிறகு இங்கே வரி கட்ட வேண்டும். வெளி மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் புதுப் பதிவு நம்பர் வாங்க வேண்டும் என்பது சட்டம். சொந்த வண்டி 15 ஆண்டைத் தாண்டினால், சோதனை செய்து பதிவைப் புதுப்பிக்க வேண்டும்.

விற்கிறவருக்கும் ஒரு வார்த்தை. பெயர் மாற்றாமல் வண்டியைக் கொடுத்துவிட்டு, "தலைமுழுகிவிட்டேன்" என்று இருக்க முடியாது. விபத்து நடந்தால் ஆர்.சி. புத்தகத்தில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்புக் கூறியிருக்கிறது. ஆகவே, நாணயமாக விற்கிறவரும் வாங்குகிறவர் நேரில் வருவதைத்தான் விரும்புவார். "நேரில் வரவேண்டாம்" என்று ஒருவர் சொன்னால், அங்கேயே சந்தேகப்பட வேண்டும்.

மிச்சம் எங்கே?

ஊர் விலைக்கும் டில்லி விலைக்கும் வித்தியாசம் 1 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். அவ்வளவும் மிச்சம் என்று அந்த விவசாயி நினைத்தார்.

டில்லியில் இருந்து போடி 2,500 கிலோ மீட்டருக்கு மேல். லாரி வாடகை உண்டு. அல்லது ஓட்டி வர டீசல் செலவு உண்டு. இங்கே வரி உண்டு. டயர் தேய்ந்திருந்தால் ஸ்டெப்னியோடு ஐந்து டயர். பிறகு பட்டறைச் செலவு. இவ்வளவும் போக எவ்வளவு மிஞ்சும்? அதை முதலிலேயே காகிதத்தில் எழுதிக் கூட்டிப் பார்க்க வேண்டும். மிஞ்சுவது கொஞ்சம்தான் என்றால், பக்கத்து ஊர் வண்டியே மேல். நாளைக்கு ஏதாவது என்றால், விற்றவர் வீட்டுக் கதவைத் தட்டலாம் அல்லவா?

அவர்கள் இருவரும் அந்த ஜீப்பை வாங்கவில்லை. டில்லியில் மேலும் இரண்டு நாள் தங்கினார்கள். வேறு வண்டிகளைப் பார்த்தார்கள். பெயிண்டு மங்கிய ஒரு ஜீப்பு 40 ஆயிரம் ரூபாய் கூடுதல் விலைக்கு இருந்தது. மச்சான் அடியில் படுத்துப் பார்த்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. "இதை வாங்கலாம், மாப்பிள்ளை" என்றார்.

தொலைவு குற்றம் அல்ல. பழைய வண்டியும் குற்றம் அல்ல. பார்க்காமல் வாங்குவதுதான் குற்றம்.

போக முடியவில்லையா? நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை, கூலி கொடுத்து அனுப்புங்கள். அதற்கும் வழி இல்லையா? அந்த வண்டியை விட்டுவிடுங்கள். உலகத்தில் அது ஒன்றுதான் ஜீப்பா?

ரயில் டிக்கெட் செலவு அல்ல. ஜீப்பின் விலையில் அதுவும் ஒரு பகுதி. மற்ற எல்லாப் பகுதியையும்விட மலிவான பகுதி!