மாற்றிப் பார்க்கலாம் சார்!

“பாட்டரி போயிடுச்சு சார், மாத்திப் பார்க்கலாம்” என்று சொல்லும் மெக்கானிக்கின் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அந்தக் கோபம் முழுவதையும் அவர் தலையில் கொட்டிவிட்டு நல்ல பிள்ளையாக நகர்ந்துகொள்ள மனசு ஒப்பவில்லை. அதில் உங்களுக்கும் எனக்கும் பங்கு இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் காலை என் மோட்டார் சைக்கிள் கிளம்பவில்லை. பொத்தானை அமுக்கினால் ஸீட்டுக்கடியிலிருந்து ‘டக்’கென்று ஒரு சத்தம். அதற்கப்புறம் மௌனம். ஹாரன் தெருவையே எழுப்புகிறது. எஞ்சின் மட்டும் அசைய மறுக்கிறது. கிக்கர் இல்லாத வண்டி. எதிர்வீட்டுப் பையன் பின்னாலிருந்து தள்ள, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டேன், கிளம்பிற்று.

யோசித்துப் பார்த்தால், அந்த நிமிஷத்திலேயே வண்டி பாதி உண்மையைச் சொல்லிவிட்டது. தள்ளினால் ஓடுகிறதென்றால் பெட்ரோலுக்கும் பிளக்கின் பொறிக்கும் குறையில்லை. ரிலே ‘டக்’கென்கிறதென்றால் பொத்தானும், கிளட்ச் ஸ்விட்சும், ஸ்டாண்டு ஸ்விட்சும் தங்கள் வேலையைச் செய்துவிட்டன. மிச்சமிருப்பவை பாட்டரி, ரிலேயின் உள்முனை, ஸெல்ப் மோட்டார், இவற்றைச் சேர்க்கும் தடித்த கம்பிகள். விசாரிக்க ஒரு மல்டிமீட்டரும் கால் மணி நேரமும் போதும்.

ஒர்க் ஷாப்பில் அந்த விசாரணை நடக்கவில்லை. முதலில் பாட்டரியை மாற்றினார்கள், 1,600 ரூபாய். இரண்டு நாள் ஓடிற்று. புதுப் பாட்டரியின் வேகமும், மாட்டுகிறபோது கம்பியை இழுத்து அசைத்ததும் கொடுத்த ஆயுள் அது. தப்பு வைத்தியத்துக்கு இந்த இரண்டு நாள்தானே நற்சாட்சிப் பத்திரம்! மூன்றாம் நாள் மறுபடியும் ‘டக்’. அடுத்து ரிலே, 450 ரூபாய். அது ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. “அப்ப மோட்டார்தான் சார்” என்றார், மூன்று விரலைக் காட்டி. மூவாயிரம்! பழைய ரிலேயை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு, வண்டியைத் தள்ளிக் கிளப்பி வீடு வந்து சேர்ந்தேன்.

நான் கல்லூரியில் இரண்டு வருஷம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தவன். ஆனாலும் ஓமின் விதி தெரியும். அந்த ஜெர்மானியர் அதை 1827-இல் புத்தகமாக வெளியிட்டார் என்பது வரையில் தெரியும். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியாயிற்று. அந்த விதி என் ஸீட்டுக்கடியிலும் செல்லுபடியாகும் என்பதுதான் நாற்பத்து மூன்று வயது வரையில் தோன்றவில்லை. என்ன படிப்பு ஐயா இது?

300 ரூபாய்க்கு ஒரு மீட்டர் வாங்கினேன். பாட்டரியின் இரு முனைகளில் வைத்தால் 12.7 வோல்ட், குறையே இல்லை. பிறகு ஒரு முனையைப் பாட்டரியின் நெகடிவிலும், மறு முனையை எஞ்சினின் உலோகத்திலும் வைத்துப் பொத்தானை அமுக்கினேன். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு கம்பிதான். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. 6 காட்டிற்று! கீழே எஞ்சினோடு அந்த எர்த் கம்பியை இறுக்கியிருந்த போல்ட்டைக் கழற்றினேன். ஒரு பக்கம் துரு, ஒரு பக்கம் வெள்ளைப் பூப்பு. உப்புத்தாளால் பத்து நிமிஷம் தேய்த்து, இறுக்கி, பொத்தானை அமுக்கினேன். முதல் அமுக்கிலேயே கிளம்பிற்று.

‘ஹாரன் அடித்ததே, அது எப்படி?’ என்பீர்கள். அந்த அழுக்கின் தடை ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கு என்று வையுங்கள். ஹாரன் கேட்பது 3 ஆம்பியர்; அதே வழியாகப் போனாலும் இழப்பு 0.3 வோல்ட்தான், காதுக்குத் தெரியாது. மோட்டார் கேட்பது 60 ஆம்பியர். இழப்பு 6 வோல்ட். பாட்டரியின் பலத்தில் பாதியை அந்த அழுக்கே சாப்பிட்டுவிடுகிறது.

‘அவனவன் வேலையை அவனவன் பார்க்கட்டும், எழுத்தாளனுக்கு ஸ்பானர் எதற்கு?’ என்று ஒரு நண்பர் கேலி செய்தார். எல்லோரும் கையில் கிரீஸ் பூசிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. “எதை வைத்துச் சொல்கிறீர்கள்? எத்தனை வோல்ட் இருந்தது?” என்று ஒரு வார்த்தை கேட்கலாமே! நாம் கேட்பதில்லை. கேட்பது கௌரவக் குறைச்சல். பணத்தை எடுத்து நீட்டிவிட்டு, பிறகு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ‘திருட்டுப் பயல்கள்’ என்று திட்டுவது மட்டும் கௌரவமாக இருக்கிறது!

மறுநாள் அதே ஒர்க் ஷாப்புக்குச் சண்டை போடுகிற முகத்தோடு போனேன். சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். அப்புறம், “சார், நான் மீட்டர் வச்சுப் பாத்து, உப்புத்தாள் போட்டுத் தேச்சு, ஐந்நூறு ரூபா கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?” என்றார்.

கொடுத்திருக்க மாட்டேன். ‘ஒரு போல்ட்டை இறுக்க ஐந்நூறா?’ என்று கத்தியிருப்பேன். புதுச் சாமான் கைக்கு வந்தால்தான் நமக்குக் காசு கொடுக்க மனசு வருகிறது. பார்த்துக் கண்டுபிடித்த மூளைக்குப் பில்லில் ஒரு வரியும் கிடையாது. சாமானை விற்றுத்தான் அந்த மனிதர் சோறு சாப்பிட வேண்டியிருக்கிறது. அதையும் அவரிடம் ஒப்புக்கொண்டேன். ஆனால், “மீட்டர் வைத்துப் பார்க்காதது உங்கள் தப்புதான்” என்று சொல்லாமலும் வரவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்.

அந்தப் பழைய ரிலே இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. அதன் இரண்டு சின்ன முனைகளிலும் 12 வோல்ட் கொடுத்தால் இன்னும் ‘டக்’கென்று சத்தம் போடுகிறது.