பொழுதோட வந்துடு

சனிக்கிழமை காலை பஃபலோ ரோட்டில், ஒரு பூக்கடை ஓரமாக என் மகள் குறிப்பேட்டுடன் நின்றுகொண்டிருந்தாள். உயர்நிலை ஒன்றில் படிக்கிறாள். "தேக்காவுக்குக் காய்கறி வாங்கப் போகலாம், வா" என்றால் பத்துக் காரணம் சொல்கிறவள், அன்று எனக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். காரணம், ஆங்கில ஆசிரியர் கொடுத்த வீட்டுப்பாடம்.

ஆங்கிலம் அல்லாத மொழியில் இருவர் பேசுவதைக் கேட்க வேண்டும். சொன்னதைச் சொன்னபடியே பத்து வரி எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவர வேண்டும். பேசுகிறவரின் வயது தெரிய வேண்டும். கோபமா, கெஞ்சலா, கிண்டலா என்பதும் தெரிய வேண்டும். பாடம் இவ்வளவுதான்.

எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆங்கில வகுப்புக்குப் பூக்கடைத் தமிழ் எதற்கு? துணைப்பாட வகுப்புக்கு மாதாமாதம் கட்டும் பணத்தை மனத்துக்குள் ஒருமுறை கூட்டிப் பார்த்துக்கொண்டேன். அங்கே கொடுத்த 'நல்ல சொற்றொடர்கள்' பட்டியல் இன்னும் எங்கள் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. பயம் என்றால் வயிற்றுக்குள் பட்டாம்பூச்சி பறக்க வேண்டும். ஓடினால் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக உருள வேண்டும். கதை எந்த ஊரில் நடந்தாலும் முதல் வரியில் சூரியன் சுட்டெரிக்க வேண்டும். தொடக்கநிலை ஆறில் அவள் எழுதிய எல்லாக் கட்டுரைகளிலும் இந்த மூன்றும் இருந்தன. பிள்ளை எழுதியதா, பட்டியல் எழுதியதா என்று சொல்ல முடியாது. மதிப்பெண் மட்டும் சுமாராக வந்தது.

கடைக்காரரிடம் அனுமதி கேட்டுவிட்டு அவள் ஓரமாக நின்றாள். ஓர் அம்மா வந்தார். "ரெண்டு முழம் மல்லி. பாத்துக் குடுங்கண்ணே" என்றார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே கையை மடக்கி அளந்தார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் என் மகளுக்கு அந்த ஒரு வரி மூன்று நாள் வேலை வைத்தது.

முதலில் 'லுக் அண்ட் கிவ்' என்று எழுதினாள். படித்துவிட்டு அவளே சிரித்தாள். கடைக்காரருக்குக் கண் தெரியாததுபோல இருக்கிறதாம். அடுத்து 'பி ஜெனரஸ்'. அது பிச்சை கேட்கிற மாதிரி இருக்கிறது என்று அடித்தாள். என்னிடம் வந்து, "அப்பா, அந்த ஆன்ட்டி என்னதான் கேட்டாங்க? விலையைக் குறைக்கச் சொன்னாங்களா, பூவைக் கூட்டச் சொன்னாங்களா?" என்றாள். யோசித்துப் பார்த்தால் இரண்டும் இல்லை. நான் தெரிந்தவள், வாடிக்கையாக வருகிறவள், என்னை மனத்தில் வைத்து அளந்து கொடு என்பதுதான் அது. நாற்பது வருடமாக நானும் இதே சொல்லைச் சொல்லிக் கீரை வாங்குகிறேன். ஒருமுறைகூட அதை நின்று பார்த்ததில்லை. கடைசியில் அவள் எழுதியது: 'யூ நோ மீ, அண்ணே.' அண்ணேயை அப்படியே விட்டுவிட்டாள். அங்கிள் என்று போட்டால் அந்த அம்மாவின் வயது குறைந்துவிடும் என்றாள்.

முழத்துக்கு அகராதியில் 'கியூபிட்' என்று இருக்கிறது. அது நோவா கப்பல் கட்டிய அளவு, மல்லிகைக்குப் பொருந்தாது. 'டூ ஆர்ம்ஸ் ஆஃப் ஜாஸ்மின்' என்று எழுதிக் கொடுத்தாள். ஆசிரியர் அதைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் போட்டிருந்தார்.

அந்த ஆசிரியர் வகுப்பில் முன்பே தேக்காவின் தெருப்பெயர்களை வைத்து ஒரு பாடம் நடத்தியிருக்கிறார். பஃபலோ ரோட்டுக்குப் பக்கத்திலேயே கெர்பாவ் ரோடு. மலாயில் கெர்பாவ் என்றாலும் எருமைதான். ஒரே மாடு இரண்டு மொழியில் படுத்திருக்கிறது. இந்த வட்டாரத்துக்கே கண்டாங் கெர்பாவ், மாட்டுத் தொழுவம் என்று பெயர். கேகே மருத்துவமனையின் பெயரில் உள்ள இரண்டு எழுத்தும் அதுதான். தேக்கா என்பது தேக்கு மரத்திலிருந்து வந்தது என்றுதான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன். அது ஹொக்கியன் சொல்லாம். சிறு மூங்கில்களின் அடிவாரம் என்று பொருள். இதை என் மகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

சிங்கப்பூரில் ஆங்கிலத்தைக் கதை வழியாகச் சொல்லிக்கொடுப்பது புதிதல்ல. 2006இல் கல்வி அமைச்சு ஆங்கிலக் கற்பித்தலை மறுஆய்வு செய்த பிறகு, தொடக்கப்பள்ளிகளுக்கு 'ஸ்டெல்லார்' திட்டம் வந்தது. பெரிய படங்களோடு இருக்கும் ஒரு பெரிய புத்தகத்தை நடுவில் வைத்து, பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து வாசிப்பார்கள். இரவில் பெற்றோர் மடியில் உட்கார்ந்து கதை கேட்பதை வகுப்பறைக்குக் கொண்டுவர, நியூசிலாந்தின் டான் ஹோல்டவே 1970களில் வகுத்த முறை அது. என் மகளும் தொடக்கநிலை ஒன்றில் கதை சொல்லிக்கொண்டேதான் வீட்டுக்கு வருவாள். மேல்வகுப்புக்குப் போகப் போகக் கதை மெலிந்து பயிற்சித்தாள் தடித்தது. அதில் பள்ளிக்கு எவ்வளவு பங்கோ, என் போன்ற பெற்றோருக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

இலக்கியப் பாடத்துக்கும் இதே கதிதான். சாதாரண நிலைத் தேர்வில் ஆங்கில இலக்கியத்தை முழுப் பாடமாக எடுத்தவர்கள் 1992இல் ஏறத்தாழ 17,000 பேர். 2012இல் 3,000 பேர் அளவுக்கு வந்துவிட்டது. இத்தனைக்கும், நம் ஊர்ப் பேச்சே பாடமாக வந்த காலம் அது. ஹரேஷ் ஷர்மாவின் 'ஆஃப் சென்டர்' 1993இல் மேடையேறிய நாடகம். மனநோயோடு போராடும் வினோத், சலோமா என்ற இரண்டு இளையரின் கதை. 2007இல் அது தேர்வுக்கான பாடநூலானது. உள்ளூர் நாடகம் ஒன்றுக்கு அந்த இடம் கிடைத்தது அதுவே முதல் முறை. ஷேக்ஸ்பியரைப் படித்த அதே வகுப்பறையில் பிள்ளைகள் தங்கள் புளோக்கின் கீழே கேட்கிற ஆங்கிலத்தையும் படித்தார்கள்.

தேர்வில் இதெல்லாம் உதவுமா என்று கேட்காமல் நம்மால் இருக்க முடியாது. நானும் பெற்றோர் சந்திப்பில் கேட்டேன். ஆசிரியர் கோபப்படவில்லை. 2023 முதல் சாதாரண நிலை வாய்மொழித் தேர்வில் பத்தியை உரக்க வாசிக்கும் பகுதி இல்லை, ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு மாணவர் தன் கருத்தைத் தானே அமைத்துப் பேச வேண்டும் என்று நினைவூட்டினார். மனப்பாடம் செய்த பட்டாம்பூச்சி அங்கே பறக்காது என்பதை நாகரிகமாகச் சொன்னார். இன்னொன்றும் சொன்னார். கமலாதேவி அரவிந்தனின் 'செம்பவாங்' தமிழ் நாவலை 2020இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர் அவருடைய மகள் அனிதா தேவி பிள்ளை. அவர் தேசியக் கல்விக் கழகத்தில் ஆங்கிலம் கற்பிக்கிறவர். அம்மாவின் தமிழை மகள் ஆங்கிலத்தில் எழுதுவது உங்கள் வீட்டிலும் நடக்கலாமே என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

எங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்பது எனக்குத் தெரியும். 2010 கணக்கெடுப்பில் வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம் பேசியவர்கள் 32.3 விழுக்காடு, 2020இல் 48.3. தமிழ் 3.3இலிருந்து 2.5க்கு இறங்கியது. எங்கள் வீடு அந்த இரண்டு எண்களிலும் இருக்கிறது. என் அம்மா தமிழில் கேட்பார், மகள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இருவருக்கும் புரிந்துவிடுகிறது, பிறகு என்ன என்று நானும் விட்டுவிட்டேன்.

அடுத்த வாரப் பாடம் கவிதை. 'ட்வின் சினிமா' என்று ஒரு வடிவம். சிங்கப்பூர்க் கவிஞர் டேவிட் வோங் ஷியென் மிங் உருவாக்கியது. பக்கத்தில் இரண்டு பத்திகள் இருக்கும். இடப்பக்கத்தை மட்டும் மேலிருந்து கீழே படித்தால் ஒரு கவிதை. வலப்பக்கம் இன்னொன்று. இரண்டையும் சேர்த்துக் குறுக்கே படித்தால் மூன்றாவது கவிதை. என் மகள் இடப்பக்கத்தில் பாட்டி ஒரு நாளில் தன்னிடம் சொன்னதை எல்லாம் ஆங்கிலமாக்கி எழுதினாள். வலப்பக்கத்தில் தான் சொன்ன பதில்கள்.

இடப்பக்கத்தில் பாட்டி சாப்பிட்டாயா என்கிறார், தலையைத் துவட்டு என்கிறார், தாத்தா கப்பலில் வந்த கதையைத் தொடங்குகிறார். வலப்பக்கத்தில் ஓகே, லேட்டர், ஐ நோ, ஓகே. குறுக்கே படித்தால் பாட்டியின் ஒவ்வொரு வரியும் ஓகே என்ற இடத்தில் நின்றுவிடுகிறது. கப்பல் கதை முடியவே இல்லை. அதை நான் மேசையில் கிடந்தபோது படித்தேன். அவள் குறையாக எழுதவில்லை. கேட்டதை எழுதியிருந்தாள், அவ்வளவுதான்.

அன்று இரவு அவளே பாட்டியிடம் போய் உட்கார்ந்து, அதைத் திரும்பத் தமிழில் சொல்லிக் காட்டினாள். தட்டுத் தடுமாறித்தான். பாட்டி பாதி சிரிப்பும் பாதி சந்தேகமுமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். 'சரியான நேரத்துக்கு வந்துவிடு' என்ற வரி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான் எப்படி அப்படிச் சொன்னேன்?"

"காலையில நான் கிளம்பறப்ப சொல்லுவீங்களே பாட்டி, பொழுதோட வந்துடுன்னு. 'கம் ஆன் டைம்'தானே?"

"பொழுதுன்னா கடிகாரம் இல்லடி கண்ணு. வெளிச்சம். எங்க ஊர்ல எங்க அம்மா சொல்லுவாங்க, அப்ப எங்க வீட்ல கடிகாரம் ஏது? வெளிச்சம் இருக்கறப்பவே வீட்டுக்கு வந்துடணும்."

மகள் அந்த வரியை அடித்துவிட்டு, பென்சிலைக் கடித்தபடி கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு, 'கம் ஹோம் வித் த லைட்' என்று எழுதினாள். வலப்பக்கத்தில் அதற்கு நேராக இருந்த ஓகேயையும் அழித்தாள். அங்கே என்ன எழுதுவது என்று தெரியவில்லை போலும், கட்டம் காலியாகவே இருந்தது.

"பாட்டி, உங்க அம்மா பேரு என்ன?" என்று கேட்டாள்.