கேலிப்படம்: சிரித்தவர் யார்? சீறியவர் யார்?

திருச்சி காந்தி மார்க்கெட்டில் விடியும் முன்பே வியாபாரம் தொடங்கிவிடும். இரவோடு இரவாக லாரிகளில் வந்த காய்கறி மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டு, சுமை தூக்கும் தொழிலாளர்கள் டீ குடிக்க வருவார்கள். கடையில் இருப்பது ஒரே பத்திரிகை. அது தாள் தாளாகப் பிரிந்து நாலு பேர் கையில் இருக்கும். பட்டம் பெற்றவரும் அதைப் பார்க்கிறார். எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் பார்க்கிறார். இருவர் கண்ணும் முதலில் போவது படத்தின் மேல்தான்.

தலையங்கம் படிக்கப் பத்து நிமிடம் வேண்டும். கேலிப்படத்துக்குக் கண் இமைக்கும் நேரம் போதும். உடனே சிரிப்பு வரும். சில சமயம் சிரிப்புக்குப் பதில் ஆத்திரம் வரும்!

அப்படி ஆத்திரத்தை மூட்டிய படம் ஒன்று உண்டு. அதற்கும் இந்தத் திருச்சி நகருக்கும் நெருங்கிய சம்பந்தம் இருக்கிறது.

பாடப் புத்தகத்தில் வந்த வினை

2012–ம் ஆண்டு ஜூன் மாதம் அந்தப் படம் தமிழ்நாட்டில் பெரும் பரபரப்பை உண்டாக்கியது. ஆனால், அது புதுப் படம் அல்ல. புகழ் பெற்ற ஓவியர் ஆர்.கே.லட்சுமண் 1965–ல் வரைந்தது. மத்திய சர்க்காரின் என்.சி.இ.ஆர்.டி. நிறுவனம் 12–ம் வகுப்புக்காக வெளியிட்ட அரசியல் பாடப் புத்தகத்தில் அதை மறுபடியும் அச்சிட்டிருந்தார்கள்.

அந்தப் பாடப் புத்தகங்களே ஒரு புதுமைதான். பழைய கேலிப்படங்களை ஏராளமாகத் திரட்டி, பக்கத்துக்குப் பக்கம் போட்டிருந்தார்கள். உன்னி, முன்னி என்று இரண்டு சித்திரக் குழந்தைகள் நடுநடுவே எட்டிப் பார்த்துக் குறும்பாகக் கேள்வி கேட்பார்கள். பாடம் கசக்காமல் இருக்க இப்படி ஒரு வழி! மாணவர்கள் பல ஆண்டுகள் அதைப் படித்தார்கள். பெரிய சச்சரவு ஒன்றும் எழவில்லை.

லட்சுமண் வரைந்த படம், இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைப் பற்றியது. கையில் கல்லோடு ஒரு மாணவன். இந்தி வேண்டாம், ஆங்கிலமே வேண்டும் என்று கோஷ அட்டைகள். இந்தி திணிக்கப்படாது என்று நேரு கொடுத்த வாக்குறுதி ஒரு தாளில் இருக்கிறது. அந்தப் பையனுக்கு ஆங்கிலமும் படிக்கத் தெரியாது என்பதுதான் படத்தில் உள்ள கேலி.

வடக்கே இருப்பவர் இதைப் பார்த்துப் புன்னகை செய்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். திருச்சிக்காரரால் முடியுமா?

1964–ம் ஆண்டு ஜனவரி 25–ந் தேதி, கீழப்பழுவூர் சின்னச்சாமி என்ற இளைஞர் திருச்சி ரெயில் நிலையம் அருகே தன் உடலில் தீ வைத்துக்கொண்டு உயிரை விட்டார். இந்தியை எதிர்த்துத் தீக்குளித்த முதல் மனிதர் அவர். மறு ஆண்டு ஜனவரியில் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது. பலர் மடிந்தார்கள். விராலிமலை சண்முகம் விஷம் அருந்தி இறந்தார். சின்னச்சாமிக்கும் சண்முகத்துக்கும் திருச்சி தென்னூரில் நினைவிடம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஜனவரி 25 அன்று அங்கே மாலை வைக்கிறார்கள்.

இவ்வளவும் நடந்த ஊரில், போராடியவனைப் படிக்கத் தெரியாத பையன் என்று காட்டினால் எப்படிச் சிரிப்பு வரும்? அந்தப் படத்தை நீக்க வேண்டும் என்று கருணாநிதியும் வைகோவும் குரல் கொடுத்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

நத்தை மேல் அம்பேத்கர்

இதற்கு ஒரு மாதம் முன்புதான் டெல்லியில் பெரிய புயல் அடித்து ஓய்ந்திருந்தது. அதுவும் அதே வரிசைப் புத்தகத்தால் வந்ததே. 11–ம் வகுப்புப் புத்தகத்தில் ஓவியர் சங்கர் 1949–ல் போட்ட படம் இருந்தது. அரசியல் சட்டம் ஒரு நத்தை. அதன் மேல் அம்பேத்கர் சவுக்கோடு உட்கார்ந்திருக்கிறார். பின்னால் நேரு, அவர் கையிலும் ஒரு சவுக்கு. கூட்டம் வேடிக்கை பார்க்கிறது. அரசியல் சட்டம் எழுதக் காலம் பிடிக்கிறதே என்பது சங்கரின் கிண்டல்.

நேரு அடிப்பது நத்தையையா, அம்பேத்கரையா? இதில்தான் சண்டை! நத்தையைத்தான் என்றார்கள் புத்தகம் தயாரித்தவர்கள். சவுக்கடி என்பது வெறும் வேடிக்கை அல்ல என்பதைத் தாழ்த்தப்பட்ட மக்கள் தலைமுறை தலைமுறையாக அறிவார்கள். அவர்கள் கண்ணுக்குப் படம் வேறு மாதிரித் தெரிந்தது. பார்லிமெண்டில் இந்தப் பிரச்சினையைக் கிளப்பியவர்களில் ஒருவர் தமிழ்நாட்டு உறுப்பினர் தொல்.திருமாவளவன்.

2012 மே 11–ந் தேதி கல்வி மந்திரி கபில் சிபல் மன்னிப்புக் கேட்டார். படம் நீக்கப்படும் என்று அறிவித்தார். புத்தகத்தின் தலைமை ஆலோசகர்களான யோகேந்திர யாதவும் சுகாஸ் பல்ஷிகரும் ராஜினாமா செய்தார்கள். மறுநாள், புனா பல்கலைக்கழகத்தில் இருந்த பல்ஷிகரின் அறைக்குள் சிலர் புகுந்து பொருள்களை உடைத்தார்கள். இது அக்கிரமம். படம் பிடிக்கவில்லை என்றால் மேஜையை உடைப்பதா?

சந்தடி சாக்கில்...

இந்த இடத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. அம்பேத்கர் படத்தைப் பற்றித்தான் பேச்சு ஆரம்பித்தது. பேசப் பேச, அரசியல்வாதிகளைக் கேலி செய்யும் எல்லாப் படங்களையும் எடுத்துவிட வேண்டும் என்று உறுப்பினர்கள் பலர் சொல்லத் தொடங்கினார்கள். காயம் பட்டவன் அழும்போது, காயமே படாதவனும் பக்கத்தில் படுத்துக்கொண்டு முனகிய கதை! புத்தகங்கள் எல்லாவற்றையும் பரிசீலிக்க சுக்தேவ் தோரட் தலைமையில் ஒரு கமிட்டி போடப்பட்டது. பல படங்களை நீக்கவோ மாற்றவோ வேண்டும் என்று கமிட்டி சிபாரிசு செய்தது. உறுப்பினர் ஒருவர் மட்டும் அதை ஏற்க மறுத்து, தம் மாறுபட்ட கருத்தை எழுதிக் கொடுத்தார். அவர் ஒரு தமிழர். திராவிட இயக்கத்தைப் பற்றி ஆழமாக எழுதிய அறிஞர் எம்.எஸ்.எஸ்.பாண்டியன்.

இந்தி எதிர்ப்பின் வரலாறு தெரியாதவர் அல்ல அவர். அப்படிப்பட்டவரே கேலிப்படத்தின் பக்கம் நின்றார் என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

பதவியில் இருப்பவருக்கு வரும் கோபம் ஒன்று. அடிபட்டவருக்கு வரும் கோபம் வேறு. இரண்டையும் ஒரே தராசில் போட்டு நிறுக்கக் கூடாது. காந்தி மார்க்கெட் வியாபாரியைக் கேட்டால் தெரியும்: வெங்காயத்துக்கு ஒரு விலை, கொத்தமல்லிக்கு ஒரு விலை.

பதவிக் கோபம் எப்படி இருக்கும் என்பதற்கு 1987 நல்ல சாட்சி. ஆனந்த விகடன் அட்டையில் ஒரு நகைச்சுவைப் படம் வந்தது. எம்.எல்.ஏ.வையும் மந்திரியையும் ஜேப்படிக்காரன், கொள்ளைக்காரன் என்று கேலி செய்த படம். சட்டசபைக்குக் கோபம் வந்துவிட்டது. ஏப்ரல் 4–ந் தேதி, ஆசிரியர் பாலசுப்பிரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் என்று சபாநாயகர் பி.எச்.பாண்டியன் அறிவித்தார். எங்கும் கண்டனம் கிளம்பியது. சில நாட்களில் அவர் விடுதலையானார். அதோடு விடவில்லை அவர், கோர்ட்டுக்குப் போனார். அவரைச் சிறையில் அடைத்தது செல்லாது என்று சென்னை ஐகோர்ட்டு தீர்ப்பளித்தது. நஷ்டஈடு ஆயிரம் ரூபாய்! அந்த நோட்டுகளை அவர் செலவழிக்கவில்லை. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி வைத்தார்.

அந்த வழக்கில் வாசகர்கள் யார் பக்கம் என்பதில் சந்தேகமே இல்லை. 2012–ல் அப்படி இல்லை. ஒரே படத்தைப் பார்த்துப் பாதிப் பேர் சிரித்தார்கள். பாதிப் பேர் கொதித்தார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது.

பாரதி செய்த காரியம்

அப்படியானால் படத்தை வைப்பதா, எடுப்பதா?

பாரதியார் 1906 முதல் "இந்தியா" என்ற வாரப் பத்திரிகையை நடத்தினார். தமிழில் அரசியல் கேலிப்படத்தை முறையாக வெளியிட்டது அதுதான். படத்தைப் போட்டுவிட்டு அவர் சும்மா இருந்துவிடவில்லை. படத்தில் இருப்பது யார், எதற்காக இந்தக் கேலி என்று விளக்கமும் எழுதினார். அந்தப் படங்களை எல்லாம் ஆ.இரா.வேங்கடாசலபதி தேடித் திரட்டி 1994–ல் புத்தகமாகக் கொண்டுவந்தார். இன்று அதைப் புரட்டுகிறவருக்கு, அந்த விளக்கம் இல்லாவிட்டால் பாதிப் படம் புரியாது.

பாடப் புத்தகத்தில் குறைந்துபோனது இதுதான். லட்சுமணின் படத்துக்குப் பக்கத்தில் சின்னச்சாமியின் பெயர் இருந்திருக்க வேண்டும். திருச்சி ரெயில் நிலையத்தில் அந்தக் காலை நேரத்தில் என்ன நடந்தது என்று நாலு வரி இருந்திருக்க வேண்டும். பம்பாயில் இருந்த ஓவியருக்கு ஏன் கல் மட்டும் தெரிந்தது, கீழப்பழுவூர்க்காரருக்கு ஏன் உயிரே பெரிதாகத் தெரியவில்லை என்று உன்னியும் முன்னியும் கேட்டிருக்கலாமே! படத்தை எடுத்துவிட்டால் இந்தக் கேள்வியும் சேர்ந்தே போய்விடுகிறது.

அம்பேத்கர் விஷயத்தில் ஒருவர் இப்படித்தான் செய்தார். அவர் பெயர் உன்னமதி சியாம சுந்தர். அவரே ஒரு கேலிச்சித்திரக்காரர். அம்பேத்கர் வழியில் நிற்பவர். சங்கரின் நத்தைப் படத்தை மறைக்க வேண்டும் என்று அவர் கிளம்பவில்லை. பழைய ஆங்கிலப் பத்திரிகைகளைத் தேடிப் புரட்டினார். 1932 முதல் 1956 வரை அம்பேத்கரைக் கேலி செய்து வந்த படங்களை நூற்றுக்கு மேல் திரட்டினார். 2019–ல் புத்தகமாகப் போட்டார். ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில், அன்று உண்மையில் நடந்தது என்ன என்று எழுதினார்.

அவற்றை வரிசையாகப் பார்த்தால், பெரிய பெரிய ஓவியர்களும் அம்பேத்கரை எவ்வளவு சின்ன உருவமாக வரைந்தார்கள் என்பது பளிச்சென்று தெரிகிறது.