மயிலாப்பூர் குழு

மயிலாப்பூர் குழு என்பது 1900களிலும் 1910களிலும் சென்னை மாகாண அரசியலில் செல்வாக்குப் பெற்றிருந்த வழக்கறிஞர்களின் அணியாகும். இதற்குப் போட்டியாக எழும்பூர் குழு விளங்கியது. இரண்டும் தனிக் கட்சிகள் அல்ல. காங்கிரசுக்கு உள்ளே இயங்கியவை. கட்சிக்குள் இயங்கும் இத்தகைய அணிகளை ஜப்பானிய மொழியில் ஹபட்சு என்பர்.

உறுப்பினர்கள்

வெ. கிருஷ்ணசாமி ஐயர், பி. எஸ். சிவசாமி ஐயர், சி. பி. இராமசுவாமி ஐயர் முதலானோர் மயிலாப்பூர் குழுவினர். சி. சங்கரன் நாயர், 'தி இந்து' நாளிதழின் கஸ்தூரிரங்க ஐயங்கார் ஆகியோர் எழும்பூர் குழுவின் முக்கியத் தலைவர்கள்.

போட்டியின் தன்மை

இப்பிளவைச் சாதிப் பிளவாக மட்டும் கருத இயலாது. ஐயங்கார் ஒருவர் எழும்பூர் அணியை வழிநடத்தியது இதற்குச் சான்று. கொள்கையும் முழுக் காரணமன்று; கிருஷ்ணசாமி ஐயரும் சங்கரன் நாயரும் மிதவாதிகளே. உயர்நீதிமன்றத் தொழில், நீதிபதிப் பதவி, ஆளுநரின் நிர்வாகக் குழு இடம் ஆகியவையே போட்டிக்குரிய பொருள்களாயின. சங்கரன் நாயர் 1908இலும் கிருஷ்ணசாமி ஐயர் 1909இலும் நீதிபதிகளாயினர். 1906இல் ஆர்பத்நாட் வங்கி முறிந்தபின், 1907இல் இந்தியன் வங்கி தோன்றக் கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்றார்.

பதவிகள் சிறு வட்டத்துக்குள் சுழன்றதால் வெளியே நின்றோரின் மனக்குறை வளர்ந்தது. 1916இல் வெளியான பிராமணரல்லாதார் அறிக்கை அரசுப் பணிகளில் நிலவிய ஏற்றத்தாழ்வையே முதன்மையாகச் சுட்டியது. காந்தியக் காலத்தில் வெகுமக்கள் இயக்கம் எழவே, பழைய அணிகள் மங்கின.

ஒப்பீடு

ஜப்பானின் தாராளவாத சனநாயகக் கட்சியில் ஹபட்சுக்கள் தேர்தல் நிதியும் அமைச்சர் பதவியும் பெற்றுத்தரும் அமைப்புகளாக வளர்ந்தன. ஒரே தொகுதியில் ஒரே கட்சியினர் பலர் போட்டியிட்ட முறை அவற்றை வலுப்படுத்தியது; 1994இல் அம்முறை மாற்றப்பட்டது. நிதி முறைகேட்டை அடுத்து 2024 சனவரியில் அபே, கிஷிடா, நிக்காய் அணிகள் கலைவதாக அறிவித்தன.

இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் கட்சித்தாவல் தடைச் சட்டம் மூன்றிலொரு பங்கினரின் பிளவை ஏற்றது. 2003ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்விலக்கை நீக்கியது. ஆயினும் அணிகள் மறையவில்லை. 2017இல் அ.தி.மு.க. அணிகள் மோதியபோது இரட்டை இலைச் சின்னம் முடக்கப்பட்டதும், பதினெட்டு சட்டமன்ற உறுப்பினர்கள் தகுதிநீக்கம் செய்யப்பட்டதும் குறிப்பிடத்தக்கவை. ஜப்பானில் அணி கட்சிக்குள்ளேயே பேரம் பேசியது. இங்கோ கட்சியின் பெயருக்கும் சின்னத்துக்குமே உரிமை கோரியது.