ஒற்றை எண்ணுக்குள் அடங்காத புகை

கடல் சூழ்ந்த அந்தமானில் காற்று மாசா என்று கேட்பவர்கள், ஸ்ரீ விஜயபுரம் என்று 2024-இல் பெயர் மாறிய போர்ட் பிளேரைச் சுற்றி வரட்டும். சாத்தமிலும் பீனிக்ஸ் பேயிலும் டீசல் பவர் ஹவுஸ்கள் ஊரை ஒட்டியே இருக்கின்றன. ஜெட்டியில் கப்பல் எஞ்சினை முடுக்கியதும் கிளம்பும் கரும்புகை, வரிசையில் நிற்பவர்களின் மூக்கில்தான் முதலில் ஏறுகிறது.

டீசல் புகை ஒரு பொருளல்ல. கரித்துகள், நைட்ரஜன் டை ஆக்சைடு, கந்தக டை ஆக்சைடு எல்லாம் சேர்ந்த கலவை. கந்தக வாயு தனியாக வந்தால் மூக்கு, தொண்டை ஈரத்திலேயே பெரும்பாலும் கரைந்துவிடும். நுண்துகளோடு சேர்ந்து சல்பேட்டாக வந்தால் நுரையீரலின் காற்றுப்பைகள் வரை இறங்கும். அங்கே மூளும் அழற்சி ரத்தக்குழாயின் உட்சுவரைக் கெடுக்கிறது, ரத்தத்தை எளிதில் உறையச் செய்கிறது; மூச்சுத்திணறலில் தொடங்கியது மாரடைப்பில் முடியலாம். 1952 டிசம்பரில் லண்டனில் சில நாட்களுக்குள் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றதும் நிலக்கரிப் புகையும் கந்தக வாயுவும் மூடுபனியில் கலந்த கலவைதான்.

நம் காற்றுத் தரக் குறியீடோ கலவையைக் கணக்கில் எடுப்பதே இல்லை. எட்டு மாசுகளில் எதன் மதிப்பெண் அதிகமோ, அதுவே அன்றைய எண். ஒரே ஒரு மாசு 80-ஐத் தொட்டாலும் 80. ஐந்து மாசுகள் 80-ஐத் தொட்டாலும் அதே 80, அதே 'திருப்தி'. ஆஸ்துமா நோயாளிக்கும் இதய நோயாளிக்கும் இரண்டு நாட்களும் ஒன்றா? கரித்துகள் அந்த எட்டில் தனியாக இடம்பெறவும் இல்லை.

குளிர்காலத்தில் நிலப்பரப்பின் புகையும் வங்கக் கடல் தாண்டி வருகிறது. போர்ட் பிளேரில் இந்திய விண்வெளி விஞ்ஞானிகள் கரித்துகளை அளந்து இதைக் காட்டியிருக்கிறார்கள். வெளியிலிருந்து வருவதை நாம் தடுக்க முடியாது என்று நிர்வாகம் சொல்லலாம். அது சாக்குதான். வருவதோடு கலக்கும் உள்ளூர்ப் புகையைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது.

பவர் ஹவுஸ், ஜெட்டி அருகே கரித்துகளையும் வாயுக்களையும் ஒன்றாக அளந்து, ஒவ்வொன்றின் அளவையும் தினமும் வெளியிட வேண்டும். மூச்சுத்திணறல், நெஞ்சுவலியோடு மருத்துவமனைக்கு வருவோரின் எண்ணிக்கையை அந்த அளவுகளோடு ஒப்பிட வேண்டும். நெய்வேலி என்.எல்.சி. நிறுவனம் தெற்கு அந்தமானில் 20 மெகாவாட் சூரிய மின் நிலையத்தை பேட்டரியோடு நிறுவிக் காட்டியிருக்கிறது. அதை விரிவாக்கி, குடியிருப்புகளுக்கு நடுவே உள்ள ஜெனரேட்டர்களை முதலில் நிறுத்த நிர்வாகம் தேதி குறிக்க வேண்டும்.