கப்பலில் வந்த இரண்டு பிள்ளைகள்



கெடாவில் ஒரு செம்பனைத் தோட்டத்திலிருந்து ஒரு தங்கச்சி கடிதம் எழுதியிருக்கிறார். தமிழ்நாட்டில் இருந்த அவருடைய உடன்பிறந்தவள் காலமாகிவிட்டாள். அவள் கணவனும் முன்பே போய்விட்டான். இரண்டு பிள்ளைகள் பாட்டியிடம் இருக்கின்றன. பாட்டிக்கோ கண் தெரியவில்லை. இந்தத் தங்கச்சிக்குப் பிள்ளை இல்லை. “அக்கா, அதுங்களை இங்கே கூட்டிக்கிட்டு வந்து என் பிள்ளையா வளர்க்கணும். சுற்றிப்பார்க்கிற விசாவில் கொண்டுவந்துடலாம், பேப்பர் எல்லாம் பிறகு பார்த்துக்கலாம்னு வீட்டுக்காரரோட அண்ணன் சொல்றார். செய்யலாமா?” என்று கேட்டிருக்கிறார்.

தங்கச்சி, உன் மனசு பெரிய மனசு. ஆனால் “பிறகு பார்த்துக்கலாம்” என்ற அந்த வார்த்தையைப் படித்ததும் எனக்கு அடிவயிற்றில் என்னவோ செய்தது. ஏன் என்று சொல்கிறேன். இது எங்கள் வீட்டுச் சமாச்சாரம்.

என் பெரியம்மா பினாங்குக்கு அக்கரையில், பிறைப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். 1943-இல், ஜப்பான்காரன் காலத்தில், மரவள்ளிக் கிழங்கைத் தின்றுகொண்டு கல்யாணம் செய்துகொண்டவர். பிள்ளை தங்கவில்லை. 1950-இல் ஊரிலிருந்து கடுதாசி வந்தது. பெரியப்பாவின் தம்பியும் தம்பி மனைவியும் ஒரு வருஷத்துக்குள் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். ஒன்பது வயதில் ஒரு பையன், நாலு வயதில் ஒரு பெண். பெரியப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பெரியம்மா தனியாகக் கப்பலேறி வேதாரண்யம் பக்கத்துக் கிராமத்துக்குப் போய், அந்த இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

அந்தக் கப்பல் ‘ரஜூலா’. நம் பாட்டன் பூட்டன் வாயில் எல்லாம் அடிபட்ட பெயர். 1926-இல் கட்டிய கப்பல். மேல்தட்டில் மட்டுமே ஐயாயிரம் பேருக்கு மேல் ஏற்ற அதற்கு அனுமதி இருந்ததாம். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று போய் வந்துகொண்டிருந்தது. நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. தூரத்துக் கடலில் நிற்கும். படகில் போய் ஏறவேண்டும். அலையில் படகு ஏறி இறங்கும்போது சின்னவள் வீரிட்டு அழுதாளாம். பையன் மட்டும் ஒரு தகரப் பெட்டியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். பெட்டிக்குள் செத்துப்போன தாயின் ஒரு புடவை.

தட்டில் பாயை விரித்தால் அதுதான் வீடு. எண்ணெய்ப் புகை, வாந்தி நாற்றம், நார்த்தங்காய் ஊறுகாய் வாசனை எல்லாம் கலந்து அடிக்கும். பெரியம்மாவுக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. அவருடைய கவலை வேறு. ஊரில் பாஸ்போர்ட் எழுதிக் கொடுத்தவர், “கொழுந்தன் பிள்ளை என்று சொன்னால் ஆயிரம் கேள்வி கேட்பான், பெற்ற பிள்ளை என்றே போட்டுவிடுகிறேன்” என்று போட்டுவிட்டார். அதோடு நிற்கவில்லை. கல்யாணம் 1943-இல் நடந்திருக்க, 1941-இல் பிறந்த பையன் எப்படி மகனாவான்? அதனால் அவனை 1944-இல் பிறக்க வைத்துவிட்டார்! ஒன்பது வயதுப் பையன் ஒரே எழுத்தில் ஆறு வயதானான்.

ஐந்தாறு நாள் கடல் பயணம் முழுவதும் பெரியம்மா பாடம் நடத்தினாராம். “துரை கேட்டா என்ன சொல்லுவே?” “அம்மா.” “உனக்கு எத்தனை வயசு?” “ஆறு.” கொடிமலை கண்ணுக்குத் தெரிந்ததும் எல்லோரும் எழுந்து கும்பிட்டார்களாம். பினாங்கில் சுவெட்டன்ஹாம் துறையில் இறங்கி வரிசையில் நின்றார்கள். மேசைக்காரர், “இது யாருடா?” என்று கேட்க, பையன் பயத்தில் “பெரியம்மா” என்று உளறிவிட்டான். பெரியம்மாவுக்கு உயிரே போய்விட்டது. பக்கத்தில் இருந்த நம்மவர் ஒருவர் சிரித்தபடி, “பெரிய அம்மா, சின்ன அம்மா எல்லாம் அம்மாதானே, போங்க” என்று அனுப்பிவிட்டார். பெரியம்மா சாகும்வரை அந்த மனிதருக்காகக் குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றினார். இறங்கிய அன்றைக்கும் முதலில் போனது அங்கேதான். பிறகு பசியாறிவிட்டு, ஃபெரி ஏறி அக்கரை போய், லாரியில் தோட்டம். அன்று இரவு லயம் முழுவதும் வந்து பிள்ளைகளைப் பார்த்தது.

இந்தக் கதையை நான் மடியில் படுத்துக்கொண்டு நூறு தடவை கேட்டிருக்கிறேன். சிரிப்புக் கதையாகத்தான் சொல்வார். அப்போது எங்களுக்கெல்லாம் தெரியாது.

1953 ஆகஸ்டில் புதிய குடிநுழைவுச் சட்டம் நடப்புக்கு வந்தது. இந்தியாவிலிருந்து நினைத்தபோது வந்திறங்கும் காலம் முடிந்தது. அதற்கு முந்திய ஆண்டிலேயே மலாயாவில் தத்தெடுப்புக்கென்று சட்டம் போட்டிருந்தார்கள். நீதிமன்றத்தில் மனுப் போட்டு, நீதிபதி உத்தரவு கொடுத்தால், வளர்ப்புப் பிள்ளை சட்டப்படி சொந்தப் பிள்ளை. தோட்டத்தில் யாருக்கு இது தெரியும்? சடங்கு செய்து, சோறு போட்டு, ஊரைக் கூட்டி “இனி என் பிள்ளை” என்று சொன்னால் போதும் என்றுதான் நம் ஜனங்கள் இருந்தார்கள்.

எங்கள் தோட்டப் பள்ளி வாத்தியார் ஒருவர் விவரம் தெரிந்தவர். சின்னவள் நன்றாகப் படிக்கிறாள், பட்டணத்துப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், பத்திரம் இல்லாமல் முடியாது என்று 1956-இல் பெரியப்பாவைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் பினாங்கில் ஒரு வக்கீலிடம் விட்டார். கிராமத்தில் அவள் பிறந்ததற்குக் கொடுத்த சீட்டு பெரியம்மாவின் சுருக்குப் பையில் இருந்தது. வக்கீல் உள்ளதை உள்ளபடி எழுதினார். இவள் பெற்ற மகள் இல்லை, தம்பி மகள், பாஸ்போர்ட்டில் அறியாமல் அப்படி எழுதிவிட்டோம் என்று. நீதிபதி கோபித்துக்கொள்ளவில்லை. உத்தரவு கிடைத்தது.

“பையனுக்கும் சேர்த்துப் போட்டுவிடுங்கள்” என்றாராம் வக்கீல். பையனுக்குப் பிறப்புச் சீட்டு இல்லை. கையில் இருந்த பணமோ ஒருவருக்குத்தான் கட்டும். அவன் அப்போதே புல் வெட்டப் போய்க்கொண்டிருந்தான். “ஆம்பிளைப் பிள்ளை, அவன் சமாளிச்சுக்குவான். பிறகு பார்த்துக்கலாம்” என்றார் பெரியப்பா.

அதே வார்த்தைதான், தங்கச்சி.

1957-இல் சுதந்திரம் வந்தது. அன்றைக்கு நாட்டில் இருந்தவர்கள், குறிப்பிட்ட காலம் இங்கே வாழ்ந்திருந்தால், பிரஜாவுரிமைக்கு மனுப் போடலாம்.  பெரியப்பாவும் பெரியம்மாவும் போட்டார்கள். நீதிமன்றம் தத்துக் கொடுத்த பிள்ளைக்குத் தத்தெடுத்தவரையே தகப்பனாக வைத்து மனுப் போட அரசியல் சட்டத்தில் வழி இருக்கிறது. அதன்படி சின்னவளுக்கும் கிடைத்தது. நீல அடையாளக் கார்டு.

அண்ணன், நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், தனக்கு வயது வந்ததும் தானே மனுப் போட்டுப் பார்த்தார். பாஸ்போர்ட்டில் 1944. பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் 1941. சேர்க்கும்போது வாத்தியார் வயதைக் கேட்டதும் அவர் உண்மையைச் சொல்லிவிட்டார், பாவம். ஒன்றில் மகன், ஒன்றில் தம்பி மகன். “எது நிஜம்? சரியான பத்திரம் கொண்டு வா” என்று ஓர் அலுவலகத்தில் திருப்பி அனுப்பினார்கள். உண்மையைச் சொன்னால் பெரியம்மாவைப் பொய் சொன்னதற்காகப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயந்துபோய் அவர் மறுபடி அந்தப் பக்கமே போகவில்லை. கையில் சிவப்பு அடையாளக் கார்டு இருந்தது. மரம் வெட்ட அது போதும். கல்யாணமும் ஆனது, ஒரு பிள்ளையும் பிறந்தது.

1969 வந்தது. பிரஜை அல்லாதவர்கள் வேலை செய்யப் பர்மிட் வேண்டும் என்ற சட்டம் 1968-இலேயே வந்திருந்தது. மே மாதத்துக் கலவரத்துக்குப் பிறகு அதைக் கடுமையாக நடத்தினார்கள். தோட்டந்தோறும் சிவப்புக் கார்டுக்காரர்கள் ஆபீசு வாசலில் நின்றார்கள். கிடைத்த பர்மிட்டும் கொஞ்ச காலத்துக்குத்தான். அந்த நாட்களில் நம்மவர் ஏறத்தாழ 60,000 பேர் இந்தியாவுக்குத் திரும்பிவிட்டதாகக் கணக்குச் சொல்கிறார்கள். இந்தப் பக்கத்தைப் படிக்கும் பல வீடுகளில் அந்தக் கணக்கில் ஒருவராவது இருப்பார்.

எங்கள் வீட்டில் அண்ணன். 1970-இல் அதே சுவெட்டன்ஹாம் துறை, அதே ‘ரஜூலா’. நானும் வழியனுப்பப் போயிருந்தேன். அண்ணி கைக்குழந்தையோடு முன்னால் ஏறிவிட்டார். அண்ணன் தகரப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, தங்கையைப் பார்த்து ஒன்றுமே சொல்லாமல் நின்றார். பெரியம்மாதான் பேசினார். “நான்தான் உன்னைக் கொண்டாந்தேன், நானே அனுப்பி வைக்கிறேனே” என்று தலையில் அடித்துக்கொண்டார். பெரியப்பா வரவே இல்லை. அன்று வேலைக்காட்டுக்குப் போய்விட்டார். ரஜூலாவும் அதற்கப்புறம் அதிக நாள் ஓடவில்லை. 1973-இல் விற்றுவிட்டார்கள்.

யாரைக் குறை சொல்வது என்று நீங்கள் கேட்கலாம். சட்டத்தைத் திட்டுகிறவர்கள் உண்டு, நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் ஒரே கப்பலில் வந்த இரண்டு பிள்ளைகளில் ஒன்று தங்கியதும் ஒன்று போனதும் ஒரு வக்கீல் மேசையில் 1956-இல் முடிவான விஷயம். பெரியப்பாவுக்கு அது தெரிந்துதான் இருந்தது. அதற்குப் பிறகு அவர் அண்ணன் பெயரை வாயால் சொல்லி நான் கேட்டதில்லை.

தங்கச்சி, இப்போது உன் காரியத்துக்கு வருகிறேன். கப்பல் காலம் போய் விமானக் காலம் வந்துவிட்டாலும் சிக்கல் குறையவில்லை, கூடியிருக்கிறது. சுற்றிப்பார்க்கும் விசாவில் வந்த பிள்ளை அந்த நாள் கடந்தால் சட்டவிரோதக் குடியேறிதான். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் ஒவ்வொரு முறையும் காகிதம் கேட்கும். அதனால் அந்த யோசனையை விட்டுவிடு.

இந்தியப் பக்கத்தில், வெளிநாட்டுக்காரர் உறவுக்காரப் பிள்ளையை எடுத்தாலும் மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையம் வழியாகத்தான் போகவேண்டும். ‘காரா’ என்பார்கள். 1990-இல் ஏற்பட்டது. அதன் தடையில்லாச் சான்று இல்லாமல் தத்துப்பிள்ளையை விமானம் ஏற்ற முடியாது. 2022-இலிருந்து அங்கே தத்து உத்தரவைக் கொடுப்பது மாவட்ட ஆட்சியர். பிள்ளை ஐந்து வயது தாண்டியிருந்தால் அதன் சம்மதமும் கேட்பார்கள். நல்ல ஏற்பாடு. எங்கள் அண்ணனை யாரும் கேட்கவில்லை.

நம் நாடு தத்தெடுப்புக்கான ஹேக் உடன்பாட்டில் சேரவில்லை. அதனால் இரண்டு பக்கத்துக் கடிதங்களும் ஒன்றையொன்று தேடிச் சேர மாதக்கணக்காகும். பிள்ளைகளை அழைக்கப் போவதற்கு முன்பே சமூகநல இலாகாவையும் குடிநுழைவு இலாகாவையும் கண்டு பேசிவிடு. வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் சட்ட உதவி இலாகாவுக்குப் போ. தத்தெடுப்பு மனுக்களும் அவர்கள் பார்க்கும் வேலைதான். இங்கே இரண்டு வழி உண்டு. ஒன்று நீதிமன்ற உத்தரவு. மற்றது, இரண்டு வருஷம் வளர்த்த பிறகு பதிவு இலாகாவில் தத்தைப் பதிவது. இரண்டாவது சுலபமாகத் தெரியும். ஆனால் நான் மேலே சொன்ன பிரஜாவுரிமை வழி நீதிமன்ற உத்தரவு பெற்ற பிள்ளைக்குத்தான். இதை வக்கீலிடம் அழுத்திக் கேள். எந்தத் தத்தும் தானாகப் பிரஜாவுரிமை கொடுத்துவிடாது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள். அதற்குத் தனியே மனுப் போட வேண்டும், அதுவும் பிள்ளை சின்னதாக இருக்கும்போதே.

முக்கியமாக, பெற்ற பிள்ளை என்று மட்டும் எழுதிவிடாதே. எவ்வளவு நல்ல மனசோடு சொல்லிக் கொடுத்தாலும் சரி.

இது கடல் தாண்டி வரும் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல. நம் தோட்டங்களில் சீனர் வீட்டுப் பெண் குழந்தைகளை வாங்கி, பொட்டு வைத்துப் பூ வைத்து, மாரியம்மனுக்குத் தீமிதிக்கும் அளவுக்கு வளர்த்த தாய்மார் எத்தனை பேர்! இதே மண்ணில் பிறந்த பிள்ளைகள்தான். ஆனாலும் பிறப்புப் பத்திரம் வாங்காமல் விட்டதால் வயதான பிறகும் அலைகிறவர்கள் இருக்கிறார்கள். பெற்றவர் யாரென்றே தெரியாமல் இங்கே கண்டெடுத்த குழந்தை மலேசியப் பிரஜைதான் என்று கூட்டரசு நீதிமன்றம் 2021 நவம்பரில் ஒரு தத்துப்பிள்ளையின் வழக்கில் தீர்ப்பளித்தது. அப்படிப்பட்ட பிள்ளையை வைத்திருப்பவர்கள் அந்தத் தீர்ப்பைக் காட்டிக் கேட்கலாம்.

அண்ணனைப் பற்றிச் சொல்லி முடிக்கவில்லை. சின்னவள், எங்கள் அக்கா, படித்து ஆசிரியையானார். சம்பளத்தில் சேர்த்து 1983-இல் ‘சிதம்பரம்’ கப்பலில் நாகப்பட்டினம் போய் அண்ணனைப் பார்த்தார். அந்தக் கப்பலும் 1985-இல் தீப்பிடித்ததோடு சரி. பெரியம்மா கொடுத்தனுப்பிய மைலோ டின்னையும் ஜாத்திக்காய் ஊறுகாயையும் அண்ணன் மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம். பதின்மூன்று வருஷமாகியும் பேச்சில் “சுக்குப்” “பாசார்” எல்லாம் வந்ததாம். ஊரில் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘பினாங்கான்’. ஆயாக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த ரம்புத்தான் மரம் இன்னும் காய்க்கிறதா என்று கேட்டாராம். அதை வெட்டி வெகு நாளாகிவிட்டது. அக்கா, “காய்க்குது அண்ணே, இந்த வருஷம்கூட நிறைய” என்று சொல்லிவிட்டு வந்தார்.