இரு பெருந்தெருக்கள் சந்திக்கும் பாலம்

ஒன்ராறியோ மாகாணத்தின் வடபகுதியை நோக்கிச் செல்லும் இருவழிப் பெருந்தெருக்களில், மே மாதம் தொடங்கிச் செப்ரெம்பர் வரையும், ஆற்றுப் பாலங்களின் அருகே ஒரு காட்சியைக் காணலாம். வீதியின் சரளை ஓரத்தில் நாலைந்து கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தரித்து நிற்கும். அவற்றுள் இரண்டொன்றின் கூரைமீது கனூ எனப்படும் சிறுவள்ளம் கவிழ்த்துக் கட்டப்பட்டிருக்கும். துடுப்பும் கையுமாக இருவர் வீதியைக் கடப்பதற்குக் காத்து நிற்பர். மரக்குற்றி ஏற்றிய பாரவூர்தி ஒன்று அவர்களது ஆடைகள் படபடக்க விரைந்து செல்லும். அடுத்த கோடையில் அவ்வழியே போனால் கார்களைக் காணமுடியாது. வாகனம் தரித்தல் கூடாது என்னும் பலகை ஒன்று அங்கு நாட்டப்பட்டிருக்கும்.

அந்தப் பலகை நியாயமானதா என்பதை இவ்வாரம் ஆராய விழைகின்றேன். வள்ளம் வலிப்பது இந்நாட்டவரின் பொழுதுபோக்கு, அதில் எமக்கென்ன வேலை என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் பிறந்தோருக்கு ஆறு என்பது பெரும்பாலும் பாடநூற் சொல்லே. மாரியில் மட்டும் நீரோடும் வழுக்கையாற்றை விட்டால் அங்கு வேறு ஆறில்லை. (வன்னியிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்தோர் முகஞ்சுழிக்க வேண்டாம். புவியியல் கற்பித்தவள் நான். கனகராயன் ஆற்றையும் மட்டக்களப்பு வாவியையும் மறந்துவிடவில்லை.) ஆயினும் இங்கு எமது பிள்ளைகள் கோடை முகாம்களிலே கனூ வலிக்கப் பழகி வருகின்றனர். தகப்பன்மார் தூண்டிலோடும், தாய்மார் சோற்றுப் பொதிகளோடும், மூன்று குடும்பங்கள் இரண்டு வாகனங்களில் நெருக்கியடித்துக்கொண்டு அதே பாலத்தடிக்குத்தான் போகின்றனர். அதே சரளை ஓரத்தில்தான் காரை விடுகின்றனர். பலகை வள்ளக்காரரையும் எம்மையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

அண்மையில் எம்மவர் ஒன்றுகூடல் ஒன்றில் இளந்தகப்பன் ஒருவர் தமக்குக் கிடைத்த தண்டச் சீட்டைக் காட்டிக் கேட்டார்: “ரீச்சர், ஆத்துக்குள்ள இறங்க ஒருத்தரும் மறிக்கேல்லை. காரை விட்டதுக்குத்தான் ரிக்கற். அப்ப அந்த ஆறு ஆருடையது?”

சட்டம் இதற்குத் தரும் விடை தெளிவானது. கலம் செலுத்தத்தக்க நீர்வழியில் எவரும் சென்றுவரலாம் என்பது கனடாவில் வழிவழி வந்த பொதுச்சட்ட உரிமை. அவ்வுரிமை நிலவுடைமை அன்று, பொதுவழி உரிமை என்று ஓல்ட்மன் ஆற்று வழக்கில் 1992ஆம் ஆண்டு கனடிய உச்ச நீதிமன்றம் எடுத்துரைத்தது. கரையில் காணி வாங்கியவருக்கு, உறுதியிலே வெளிப்படையாகக் குறிக்கப்பட்டாலன்றி, ஆற்றின் அடிநிலம் சேராது என்பது ஒன்ராறியோவில் 1911ஆம் ஆண்டு முதல் நிலவும் சட்டம். நீர்வழிகளைக் காக்கும் கூட்டரசுச் சட்டம் 1882ஆம் ஆண்டிலேயே தோன்றியது. அதன் பாதுகாப்பை ஒரு பட்டியலில் உள்ள நீர்நிலைகளுக்கு மாத்திரம் சுருக்கும் திருத்தம் 2012இல் நிறைவேறியது. 2019இல் வந்த புதிய சட்டம் அதனை மீண்டும் விரிவாக்கியது. இப்புதிய சட்டம் கலம் செலுத்தத்தக்க நீர் எது என வரையறுக்கும்போது வணிகப் பயணத்தோடு பொழுதுபோக்குப் பயணத்தையும் சேர்த்துக்கொள்கிறது. அத்தோடு, தரைவழியாகவோ நீர்வழியாகவோ பொதுமக்கள் அந்நீரை அடையக்கூடியதாக இருத்தலையும் ஓர் அடையாளமாகக் கூறுகிறது. மக்கள் சென்றடையும் வழி ஒரு சலுகை மட்டுமன்று, சட்டத்தின் கண்ணிலேயே பொருளுடையது என்பதை வாசகர் கவனிக்கவேண்டும்.

ஆகவே ஆறும் ஒரு பெருந்தெருவே. தார்த்தெருவைவிட மூத்த தெரு என்றும் சொல்லலாம். இந்நாட்டின் முதற்குடிகள் வள்ளத்தை ஆற்றில் வலித்தும், வலிக்க இயலாத இடத்தில் தோளிற் சுமந்தும் கண்டத்தையே கடந்தனர். அவ்வாறு சுமந்து சென்ற தடம் ஒன்று ரொறொன்ரோவில் ஹம்பர் ஆற்றங்கரையில் தொடங்கிச் சிம்கோ ஏரித் திசையிற் சென்றது. பின்வந்த உரோம வணிகர்களும் ஒட்டாவா, மற்றாவா, பிரெஞ்ச் ஆறுகளையே நெடுவழியாகக் கொண்டனர். இன்றைய 17ஆம் இலக்கப் பெருந்தெரு முதலிரு ஆறுகளையும் ஒட்டி நெடுந்தூரம் செல்வது தற்செயலானதன்று. பிரெஞ்ச் ஆறு 1986ஆம் ஆண்டு கனடாவின் முதலாவது மரபுரிமை ஆறாக அறிவிக்கப்பட்டது.

இரு பெருந்தெருக்கள் ஒன்றையொன்று வெட்டும் இடமே பாலம். இரு தார்த்தெருக்கள் வெட்டினால் சந்தி அமைப்பார்கள், சமிக்ஞை விளக்கு நாட்டுவார்கள், திரும்புவதற்கெனத் தனி ஒழுங்கை விடுவார்கள். தார்த்தெருவும் நீர்த்தெருவும் வெட்டும் இடத்திலே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதற்கு எந்த ஒழுங்கும் இல்லை. எமது இளந்தகப்பன் பெற்ற தண்டச் சீட்டின் மூலகாரணம் இதுவே.

இனி வீதிப் பொறியியலாளர் பக்கத்தையும் கேட்போம். அவர்கள் சொல்வதை வெறும் சாட்டு என்று தள்ளிவிட இயலாது. மணிக்கு 90 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வாகனம் ஒரு செக்கனில் 25 மீற்றர் ஓடுகிறது. ஆபத்தைக் கண்டு சாரதி தடையை மிதிப்பதற்கு இரண்டரைச் செக்கன் செல்லும் என்று வைத்தே வீதியை வடிவமைப்பர். அதற்குள் 60 மீற்றருக்கு மேல் போய்விடும். முற்றாக நிற்பதற்கு ஈரவீதியில் ஏறத்தாழ 160 மீற்றர் வேண்டும். கனூவின் நீளமோ 5 மீற்றர் அளவு. அதைத் தலைமேற் கவிழ்த்துச் சுமப்பவருக்குப் பக்கப் பார்வை மறைந்துபோகும். இரு ஒழுங்கைகளும் சேர்ந்து ஏழரை மீற்றர் அகலம். வள்ளத்தின் வால் முழுதும் கடந்து முடிய வேண்டுமாயின் அவர் பன்னிரண்டரை மீற்றர் நடக்கவேண்டும். செக்கனுக்கு ஒரு மீற்றர் நடந்தால், அவர் நடந்து முடிப்பதற்குள் பாரவூர்தி 300 மீற்றருக்கு மேல் வந்துவிடும். அத்தனை தூரம் பார்வை தெளிந்த பாலத்தடி அரிது. ஏனெனில் தெருவானது ஆற்றை அணுகும்போது பள்ளத்தாக்கினுள் இறங்கும், பெரும்பாலும் வளையும். பழைய பாலங்களிலே வீதியோரம் ஒடுங்கிவிடும். இருமருங்கும் இரும்புத் தடுப்பு நீள்வதால் ஒதுங்க நினைப்பவருக்கும் ஒதுங்க இடமிராது. தெருவில் நிறுத்துவதற்கு மிகப் பொல்லாத இடம் எதுவோ, அதுவே ஆற்றில் இறங்குவதற்கு மிக வசதியான இடமாகவும் அமைந்துவிட்டது.

இதில் பருவமும் சேர்ந்துகொள்கிறது. ஆறுகள் பனியுருகிப் பெருகி ஓடும் ஏப்ரலே வேகநீரில் வலிப்போருக்கு உகந்த காலம். அப்பொழுது வீதியோரத்தில் ஒதுக்கிய பனிக்குவியல் கரைந்திராது. காரைப் பாதி தெருவிலேயே விடவேண்டி வரும்.

ஒன்ராறியோ வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 170ஆம் பிரிவை வாகனம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நன்று. கட்டட நெருக்கமற்ற இடங்களில், ஓடுபாதைக்கு வெளியே ஒதுக்கக்கூடிய இடம் இருக்கும்போது ஓடுபாதையில் நிறுத்தலாகாது. ஒதுக்கவே இயலாதவிடத்தும், வாகனம் இருதிசையிலும் 125 மீற்றர் தூரத்திலிருந்து தெளிவாகத் தெரியவேண்டும். போக்குவரத்துக்கோ பனி அகற்றுதலுக்கோ இடையூறாக நிற்பதும் குற்றம். பலகை இல்லையென்பதால் எங்கும் நிறுத்தலாம் என்று எம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. மேற்சொன்ன கணக்கின்படி, 90 கிலோமீற்றர் வேகத்துக்கு அந்த 125 மீற்றரும் போதாது என்பதை வாசகர் தாமே காண்பர்.

ஆனால் பலகையோடு தம் கடமை முடிந்ததென்று அதிகாரிகள் கருதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பாலத்தடியில் தடைசெய்தால் வாகனங்கள் அரை மைல் தள்ளி நிற்கும். பிள்ளைகளும் பெட்டிகளும் மிதவைகளுமாகக் குடும்பம் முழுவதும் அந்த அரை மைலும் தெருவின் வெள்ளைக் கோட்டை ஒட்டி நடக்கும். ஆபத்து அகலவில்லை, அதன் நீளம் கூடிவிட்டது. இதைப் பாதுகாப்பு என்று பெயரிடுதல் பொருந்துமா?

பலகையால் எவர் இழக்கின்றனர் என்பதும் கேட்கவேண்டிய கேள்வி. ஆற்றங்கரையில் கோடை இல்லம் உள்ளவர் தமது சொந்தப் படித்துறையிலிருந்து வள்ளத்தைத் தள்ளுவார். அவருக்குப் பலகை ஒரு நன்மை, கரை அமைதியாகிவிடும். மாடிக் குடியிருப்பின் பதினான்காம் தளத்தில் வாழ்பவருக்கு இறங்குதுறை அந்தச் சரளை ஓரம் மட்டுமே. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் கோடையில், நகரவாசிகள் திரண்டு வந்தபோது, ஒன்ராறியோவின் சிற்றூர்ச் சபைகள் பல நீர்க்கரை வீதிகளில் தரித்தலைத் தடுத்தன, தண்டத்தை உயர்த்தின. சில இடங்களில் ஊரவருக்கு மட்டும் அனுமதி அட்டை வழங்கப்பட்டது. வீதிப் பாதுகாப்பே எப்போதும் காரணமாயின், அட்டை ஒட்டிய ஊரவர் காரும் அதே இடத்தில் அதே அளவு ஆபத்தாக நிற்குமன்றோ? பாதுகாப்பு என்ற சொல்லின் பின்னே வேறு விருப்பங்கள் மறைவதற்கு இடமுண்டு. இதை எல்லா ஊர்ச் சபைகளுக்கும் பொதுவாக்கி நான் சொல்லவில்லை. குப்பைக் குவியலையும் மறிக்கப்பட்ட படலைகளையும் கண்டு சலித்த ஊரவரின் முறைப்பாட்டிலும் நியாயம் உண்டு. அக்குப்பையில் எமது சோற்றுப் பொதிக் கடதாசிகளும் கிடந்தன என்பதை ஒளிக்க வேண்டியதில்லை.

ஐக்கிய அமெரிக்காவின் மொன்ரானா மாநிலத்தில் இவ்வழக்கு முப்பது ஆண்டுகள் நடந்தது. டியர்போர்ண், பீவர்ஹெட் என்னும் இரு ஆறுகள் பற்றி 1984ஆம் ஆண்டு மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, நீரைப் பொதுமக்கள் பயன்படுத்தலாம் என்றது. 1985இல் அது சட்டமாயிற்று. ஆனால் தனியார் காணியைக் கடந்து ஆற்றுக்குப் போக அச்சட்டம் இடமளிக்கவில்லை. எஞ்சிய வாசல் வீதிப் பாலங்களே. காணிக்காரர் தமது வேலியைப் பாலத்துக் கைபிடிக் கம்பியோடு இழுத்துக் கட்டினர், வாசல் அடைபட்டது. 2000ஆம் ஆண்டு மாநிலச் சட்டமா அதிபர், பாலத்தை ஒட்டிய பொதுவீதி எல்லைக்குள் நின்று ஆற்றில் இறங்கலாம் என்றார். பாதுகாப்பின் பொருட்டு அதனைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் உள்ளூர் ஆட்சிக்கு உண்டென்பதையும் அவர் மறுக்கவில்லை. 2009ஆம் ஆண்டுச் சட்டம், பாலத்தோடு வேலி கட்டலாம், ஆனால் ஆட்கள் கடந்து இறங்க வழி இருக்கவேண்டும் என்று ஒரு நடுவழி கண்டது. ரூபி ஆற்றுப் பாலம் ஒன்றைப் பற்றிய வழக்கிலும் 2014இல் உச்ச நீதிமன்றம் மக்கள் பக்கமே நின்றது. உரிமை எழுத்தில் இருந்தும் வாசல் திறக்க அத்தனை காலம் சென்றது. இலண்டனில் வாழும் எமது உறவினரின் நிலை இன்னும் கடினம்: 2000ஆம் ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் திறந்தவெளிகளில் நடக்கும் உரிமையைத் தந்த சட்டம் ஆறுகளை வெளியே விட்டுவிட்டது. ஸ்கொட்லாந்து 2003இல் உள்நாட்டு நீர்நிலைகளையும் சேர்த்துக்கொண்டது.

வழி செய்ய மனமிருந்தால் இடமும் இருக்கிறது என்பதற்கு அல்கோன்குவின் பூங்கா போதிய சான்று. அதனூடாக 60ஆம் இலக்கப் பெருந்தெரு 56 கிலோமீற்றர் செல்கிறது. 14ஆவது கிலோமீற்றரில் கனூ ஏரிக்குத் திரும்பும் கிளைவழி, அப்பாற் சென்றால் ஒப்பியோங்கோ ஏரிக்கு வேறொன்று என, தெருவை விட்டு விலகிய தரிப்பிடங்களை அமைத்துள்ளனர். வள்ளத்தோடு எவரும் பெருந்தெருவைக் கடக்க வேண்டியதில்லை. (அங்கு வசந்தத்தில் வீதியோரச் சாக்கடை உப்பை நக்க வரும் மூஸ் மானைப் பார்க்கவென நடுத்தெருவில் நிறுத்துவோர் வேறு கதை.) பொதுவீதிகளிலும் இடத்துக்குக் குறைவில்லை. பழைய நிலஅளவையாளர் ஒன்ராறியோவின் ஊர்வீதிகளுக்குப் பொதுவாக 66 அடி அகலம் ஒதுக்கினர். அஃது அவர்களது அளவைச் சங்கிலி ஒன்றின் நீளம். தாரிட்ட பகுதி அதில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று. மீதி இருமருங்கும் புல்லும் கானுமாகக் கிடக்கிறது, பெரும்பாலும் பொதுநிலமாக.

வேண்டியது பெரிய செலவன்று. பாலத்திலிருந்து இருநூறு மீற்றர் தள்ளி, தெரு நேராக ஓடும் இடத்தில், ஆறேழு கார்கள் நிற்கக்கூடிய ஒதுக்குத் தரிப்பிடம். வள்ளத்தை இறக்குவதற்குப் பத்து நிமிட நேரம். இரும்புத் தடுப்பின் வெளிப்புறமாக ஆற்றுக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதை. அது பாலத்தின் கீழாலேயே மறுகரைப் பக்கம் சென்றால் இன்னும் நன்று. பாலத்தைப் புதுப்பிக்கும்போதே இவற்றைச் செய்தால் மண்வெட்டும் இயந்திரம் அங்கேயே நிற்கும். பாலம் முடிந்த பின்னர் கேட்டால் பணமில்லை என்ற பதில் வரும்.

ஒன்ராறியோவில் நகரசபையொன்று பெரிய பாலத்தை மாற்றியமைக்கும் முன்னர் சூழல் மதிப்பீடு நடத்தி, அதனை அறிவித்து, பொதுமக்களின் கருத்தைக் கேட்பதுண்டு. அறிவித்தல் உள்ளூர்ப் பத்திரிகையிலும் நகரசபைப் பக்கத்திலும் வெளிவரும். காணிக்காரரும் வள்ளச் சங்கத்தாரும் எழுதுவர்; எம்மவர் எழுதுவதில்லை. அந்த ஊரில் வசிக்காதவரும் எழுதலாம். எந்த இடத்தில் தரிக்கின்றீர்கள், எத்தனை பேர் போகின்றீர்கள், பிள்ளைகளின் வயதென்ன, தெருவை எவ்விடத்திற் கடக்கின்றீர்கள் ஆகிய நான்கையும் சொன்னால் போதும். ஆங்கிலத்தில் எழுதத் தயங்குவோர் தமிழில் எழுதி இப்பத்திரிகையின் முகவரிக்கு என் பெயரிட்டு அனுப்பினால், மொழிபெயர்த்துத் திருப்பி அனுப்புவேன். ஆற்றின் பெயரையும் வீதி இலக்கத்தையும் தவறாது குறிப்பிடுக.